உப்புக்காற்று ஊரில் பழைய பொம்மைகள், அளவு மாதிரிகளுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம்: யோசனை வேண்டும்

கீழக்கரைவாசி:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். எங்கள் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கி வருவார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயில் ரயில் பிடித்து ராமநாதபுரம் வந்து அங்கிருந்து கீழக்கரை. 1964 புயலோடு அந்த வழி போய்விட்டதால் எங்களிடம் இருப்பதெல்லாம் அதற்கு முந்தியது என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நூலகத்தை ஒட்டி ஒரு அறை தருகிறேன் என்கிறார்கள். இரண்டு கண்ணாடி அலமாரியும் கிடைக்கும். மரப் பெட்டகத்தைத் திறந்து பார்த்ததில் இருப்பவை: சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் எஞ்சின் ஒன்று, அதற்கு இரண்டு பெட்டி, வட்டத் தண்டவாளத்தில் பாதி. உள்ளங்கைக்குள் அடங்குகிற கனமான கார்கள், அதில் ஒன்று யாரும் தொடாமலே விரிசல் விட்டு பானெட் உப்பிப்போய் நிற்கிறது. உள்ளே மெழுகுவத்தி ஏற்றினால் டப் டப் என்று தண்ணீரில் போகும் தகரப் படகு. தட்டினால் பழைய பிங்பாங் பந்து மாதிரி சத்தம் வரும் மெல்லிய பொம்மை ஒன்று. அப்புறம் எல்லாவற்றையும் விட வாப்பா உயிராக வைத்திருக்கும் ஒரு வத்தையின் (பாக் கடல் பாய்மரப் படகு) சின்ன மாதிரி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும், படகு கட்டும் ஊர் ஓடாவி ஒருவர் செய்து கொடுத்தது, பாய்மரமும் கயிறும் எல்லாம் அப்படியே இருக்கிறது.

கேட்க வேண்டியது நிறைய. பள்ளிக்கூடம் கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியில் கை வைத்தால் பிசுபிசுக்கும். தகரத்தில் துரு வந்துவிட்டது, பெயின்ட் அடித்துவிடலாமா? விரிசல் விட்ட காரை ஒட்டலாமா? ஏசி வைத்தால் போதுமா? இன்னொரு ஆசை, பாம்பன் பாலத்தை மாதிரியாகச் செய்து அதன் மேல் இந்தத் தகர ரயிலை ஓடவிட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்த அளவில் செய்வது?

சேமிப்பறை:

அருங்காட்சியகம் ஒன்றில் பொருள் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். முதலில் ஒன்று, பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். தகரப் பொம்மையில் மேலே தெரிவது அச்சு. தகட்டைத் தட்டையாக வைத்து நிறம் நிறமாக அச்சிட்டு, பிறகுதான் வெட்டி மடித்து, சின்னச் சின்னக் காதுகளைத் துளைக்குள் சொருகி மடக்கியிருப்பார்கள். செய்த கம்பெனி, நாடு, காலம் எல்லாம் அந்த அச்சில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு கோட்டிங் ஏறினால் அந்தச் சான்று போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. இன்னொரு காரணம், அந்தக் காலத்துப் பொம்மைப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சில்தான் போகும்.

உங்கள் ஊரில் எதிரி ஈரத்தை விட உப்பு. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் வந்தால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் கல்லுப்பு ஜாடி கசிவதும் அதனால்தான். அப்படி ஒரு உப்புப் படலம் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், நமக்குக் காய்ந்த நாள் என்று தோன்றும் நாளிலும் அதற்குக் கீழே துரு நடந்துகொண்டே இருக்கும். அதனால் அலமாரிக்குள் வைக்கும் முன் உப்பை எடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் ஒற்றிப் பார்க்க வேண்டும். நிறம் பஞ்சில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி, உடனுக்குடன் காயவைத்து, கடைசியில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. புளி, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. புளிப்பு அச்சைத் தின்னும், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏசி பற்றி. பகலில் போட்டு, மாலையில் பூட்டும்போது நிறுத்துவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். குளிர்ந்துபோன உலோகத்தின் மேல் இரவுக் காற்று பட்டால் வியர்க்கும், தினம் அந்த வியர்வை வந்து போவது ஒரே சீரான புழுக்கத்தை விட மோசம். அலமாரிக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி இடைவெளியை அடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் தட்டும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள். உலோகங்களுக்கு 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்லது. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், பச்சையானால் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு அது வேண்டாம். மர வத்தையை இந்த அலமாரியில் வைக்காதீர்கள், அவ்வளவு வறட்சியில் மரம் பிளக்கும். அதற்கு 50 சதவீதம் அளவில் தனி இடம்.

அவசரமான ஒன்று. பிங்பாங் சத்தம் வருகிறது என்று சொன்னீர்களே, அது செல்லுலாய்டு என்கிற பழைய கால பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம், பழைய பிங்பாங் பந்தும் அதே சரக்குதான். விரலால் லேசாகத் தேய்த்துச் சூடாக்கி மோந்து பாருங்கள், கற்பூர வாசம் வரலாம். அதில் கற்பூரம் சேர்த்துத்தான் செய்வார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லி இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், குப்பென்று தீப்பிடிக்கும். வயதாக ஆக அது நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும், ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். மூடிய பெட்டகத்தில் ரயில் பக்கத்தில் இருந்திருந்தால் ரயிலின் துருவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றைக்கே பிரித்து, துளை போட்ட அட்டைப் பெட்டியில், வெயிலும் பல்பும் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். காட்சிக்கு அதன் புகைப்படம் போதும்.

கார் பிரியன்:

கார்களைப் பற்றி நான் சொல்கிறேன் காக்கா. அடிப்பகுதியைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். டிங்கி டாய்ஸ், மெக்கானோ லிமிடெட் என்று இருந்தால் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை. ஃபிராங்க் ஹார்ன்பி தன் தகர ரயில்களுக்குப் பக்கத்தில் வைக்க உருவாக்கிய வரிசை அது, டிங்கி என்ற பெயர் 1934இல் வந்தது. நிஜத்தில் ஒரு அடிக்கு மாதிரியில் 7 மில்லிமீட்டர் என்கிற ஓ கேஜ் ரயில் கணக்கு 1:43.5 வருகிறது. இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் வாங்குகிற கார்களில் 1:43 இவ்வளவு பரவலாக இருப்பது அந்த ரயில் வழியாக வந்த பழக்கம்.

உப்பிப்போன காருக்கு வந்திருப்பது துத்தநாக நோய். அந்த உலோகம் இரும்பு அல்ல, துத்தநாகத்தில் கொஞ்சம் அலுமினியம் சேர்த்தது. அதில் துளியூண்டு ஈயம் கலந்துவிட்டால் போதும், மணிமணியாக உறைந்த உலோகத்தின் இடுக்குகளில் ஈரம் புகுந்து அரிக்கும், அரித்த இடம் பெருக்கும், விரிசல் விடும், கடைசியில் பொடியாகும். வெப்பமும் ஈரமும் அதை முடுக்கும், நம் கரையில் இரண்டும் உண்டு. மருந்து கிடையாது. ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பிளக்கும், ஒட்டாதீர்கள். பக்கத்துக் காருக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். காய்ந்த இடத்தில், அடியில் பஞ்சு மெத்தை போட்டு வைத்து, நாலு பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்துவிடுங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களுக்குத்தான் வரும், போருக்குப் பிறகு உலோகத்தின் சுத்தத்தில் கவனம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் நோயாளிக் கார்தான் கூட்டத்தில் மூத்தது என்று ஊகிக்கலாம். சக்கரத்தின் நடுவட்டம் வழவழவென்று இருந்தால் அதுவும் பழையது என்பதற்கு அடையாளம், போருக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு மேடு வந்தது. ஜப்பான் பொம்மையில் ஆக்குபைட் ஜப்பான் என்று இருந்தால் போர் முடிந்து 1952 வரைக்கும் உள்ள காலம். ஏதாவது ஒன்றில் நிக்கி டாய்ஸ் என்று எழுதியிருந்தால் அது கொழும்புச் சரக்கு இல்லை. டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகளை 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து செய்தவை, தனுஷ்கோடி வழியாக வந்திருக்கவே முடியாது. நிக்கி கிடைத்தால் தள்ளி வைக்காதீர்கள், இந்தியப் பொம்மை வரலாற்றில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது.

பரமக்குடியான்:

எனக்கு மாற்றுக் கருத்து. பள்ளிக்கூடத்து அறை, வருவது பிள்ளைகள். துருப்பிடித்த தகரத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால் ஒரு நிமிடம் கூட நிற்க மாட்டார்கள். நல்லதாக நாலைந்து பொருளை அப்படியே விட்டுவிட்டு, ரொம்பப் பழுதானதைப் பழைய படத்தைப் பார்த்து அதே நிறத்தில் அடித்து, சாவி முடுக்கி ஓட்டிக் காட்டினால்தானே அது பொம்மை? ஓடாத ரயிலைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு என்ன ஆசை வரும்?

சேமிப்பறை:

நீங்கள் சொல்வதில் பாதி முழுக்கச் சரி, பிள்ளைகள் கையில் ஒன்று ஓட வேண்டும். அது இந்த எஞ்சினாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம். இவ்வளவு வருடம் கிடந்த கடிகாரப் பொறியில் கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும். சாவியை முடுக்கினால் சுருள்வில் அறுந்து பல்சக்கரத்தின் பல்லையும் எடுத்துக்கொண்டு போகும். டப் டப் படகு இன்றைக்கும் திருவிழாக் கடைகளில் புதிதாகக் கிடைக்கிறது. பழையதை அலமாரியில் வைத்து, புதியதை ஒரு அகலத் தொட்டியில் ஓடவிடுங்கள்.

அதை ஓட்டுவதே ஒரு அறிவியல் வகுப்பு. தகரக் கொதிகலனுக்குள் கொஞ்சம் தண்ணீர், அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய். மெழுகுவத்திச் சூட்டில் நீராவி கிளம்பிக் குழாயில் உள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னே போகும். குழாய்க்குள் வந்த ஆவி குளிர்ந்து சுருங்கியதும் வெளித் தண்ணீர் உள்ளே ஏறும். தள்ளும்போது நீர் ஒரே திசையில் பீறிட்டுப் போகிறது, இழுக்கும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது, அதனால்தான் படகு பின்னால் வராமல் முன்னேயே போகிறது. டப் டப் சத்தம் கொதிகலன் மேல்தகடு உப்பி அமுங்குவது. தோமா பியோ என்பவர் 1891இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது இந்த வகைப் படகுக்குத்தான். பழையதைத் திருப்பிப் பார்த்தால் குழாய் பற்றவைத்த இடத்தில் புகைக்கரி இருக்கும். துடைக்காதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிஜமாகவே ஓட்டினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

மண்டபம் கேம்ப்:

முதலில் ஒரு திருத்தம். தனுஷ்கோடி வழி 1964 டிசம்பரோடு நின்றது உண்மை. ஆனால் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, 1980களில்தான் அதுவும் நின்றது. ஆகவே பெட்டகத்தில் உள்ளதெல்லாம் புயலுக்கு முந்தியது என்று பலகையில் எழுதிவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள்.

பாலத்துக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த இடம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம் சுமார் 2.06 கிலோமீட்டர். உங்கள் தகர ரயிலின் ஓ அளவில் செய்தால் 47 மீட்டர் வேண்டும், பள்ளிக்கூடத்தையே இடிக்க வேண்டியிருக்கும். ஹெச்ஓ என்கிற 1:87 அளவில் கிட்டத்தட்ட 24 மீட்டர். இன்னும் சின்னதான ‘என்’ (N) அளவு, 1:160, அதில் கூட 13 மீட்டர். முழுப் பாலம் ஆகாது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்களையும் செய்து ஒருவருக்கும் பயனில்லை. நடுவில் உள்ள ஷெர்சர் தூக்குப் பகுதியும் இரண்டு பக்கமும் நாலு நாலு கண்ணும் போதும்.

அந்தத் தூக்குப் பகுதி அசையும் விதத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வாசல் கதவு போல ஒரு கீலில் திரும்பும் என்று நினைத்து நிறைய பேர் மாதிரியில் ஆணி அடித்துவிடுகிறார்கள். ஷெர்சர் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் பின்பக்கம் வளைந்த ஒரு பாதத்தில் உருளும், தூக்கும்போது மேலே எழும்புவதோடு கரைப்பக்கமாகப் பின்வாங்கவும் செய்யும், கப்பலுக்கு வழி அகலமாகக் கிடைப்பது அதனால்தான். பின்னால் எதிர் எடை இருப்பதால் ஆட்கள் கையால் சுற்றியே திறந்தார்கள். மாதிரியில் அந்த வளைவை மட்டும் சரியாக வெட்டி, பின்னால் ஈயக்குண்டு கட்டினால் ஒரு பிள்ளை ஒற்றை விரலால் தூக்கிவிடும். ஈயத்தை நன்றாக மூடிவிடுங்கள்.

தகர ரயிலை அதன் மேல் ஓட்டுவது பற்றி: வேண்டாம். அந்தத் தண்டவாளம் 32 மில்லிமீட்டர் அகலம், வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜ் பாதைக்கான கணக்கு. நம் பாலத்தில் 2007 வரைக்கும் மீட்டர் கேஜ். 1:87இல் ஒரு மீட்டர் என்பது 11.5 மில்லிமீட்டர், கடையில் 12 மில்லிமீட்டர் பாதை கிடைக்கும். போட் மெயிலைக் காட்ட வேண்டுமென்றால் அதுதான் நியாயம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியையும் அதே அளவில் வையுங்கள். 72.5 மீட்டர் நீளம் மாதிரியில் 83 சென்டிமீட்டர், லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் ஏறுவது இங்கே 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே மேசையில் ஒன்று பிரிந்து சாயும், ஒன்று முழுசாக மேலே போகும். 2022 டிசம்பருக்குப் பிறகு பழைய பாலத்தில் ரயில் இல்லை. அது திறந்ததைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இனி வரப்போகிறார்கள், அவர்களுக்கு இந்த மாதிரி அவசியம்.

ஓடாவி மகள்:

எல்லோரும் இங்கிலாந்துக் காரையும் ரயிலையும் பேசிவிட்டீர்கள். எனக்கு அந்த வத்தைதான் கண்ணில் நிற்கிறது. எங்கள் அத்தா தேவிபட்டினம் பக்கம் வள்ளம் கட்டியவர். டிங்கி கார் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, ஒன்று பொடிந்தால் இன்னொன்று இருக்கும். ஓடாவி கையால் செய்த வத்தை மாதிரி உங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதன் மூலப் படகும் கடலில் பாய் விரித்துப் போவது அநேகமாக முடிந்துவிட்டது. அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதை வையுங்கள் அண்ணே.

உள்ளே எட்டிப் பாருங்கள். ஏராவும் (அடிக்கட்டை) வங்கும் (விலா எலும்பு போன்ற வளைகட்டை) நிஜப் படகில் உள்ள மாதிரி வைத்திருக்கிறாரா, இல்லை ஒரே கட்டையைக் குடைந்திருக்கிறாரா? வங்கு வைத்திருந்தால் அது விளையாட்டுக்குச் செய்ததாக இருந்தாலும் அளவு மாதிரிதான், ஓடாவிக்குக் கை வேறு மாதிரி வராது. வங்குகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். குறுக்கே நீட்டிக்கொண்டு ஒரு பலகை இருக்கிறதா என்று பாருங்கள், காற்று பலமாக அடித்தால் ஆட்கள் அதில் ஏறிப் போய் உட்கார்ந்து படகு சாயாமல் பிடிப்பார்கள், பாக் கடல் வத்தைக்கு அதுதான் அடையாளம். அந்தப் பலகை கழன்று பெட்டகத்தின் அடியில் கிடக்கலாம், வேண்டாத சில்லு என்று வீசிவிடாதீர்கள்.

வார்னிஷ் அடிக்க வேண்டாம். மரத்தில் கறுப்பாக ஒரு பூச்சு இருந்து லேசாக மீன் வாடை வந்தால் அது மீன் எண்ணெய், நிஜப் படகுக்கும் பூசுவார்கள், அப்படியே இருக்கட்டும். அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு வாரம் வையுங்கள், மாவு மாதிரி உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது.

சேமிப்பறை:

வண்டு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை எடுத்து ஒட்டி, மைனஸ் 20 டிகிரி எட்டும் ஆழ்குளிர் பெட்டியில் இரண்டு வாரம், வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். நங்கூரமோ வலைக்குண்டோ ஈயத்தில் செய்து வைத்திருந்தால் அதன் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். மரமும் பிளைவுட்டும் விடுகிற அமில ஆவி மூடிய பெட்டிக்குள் ஈயத்தைத் தின்றுவிடும், அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரிகளுக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. அந்தப் பொடி விஷம், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். புது அலமாரி செய்வதாக இருந்தால் பிளைவுட்டுக்குப் பதில் பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு.

கீழக்கரைவாசி:

அனைவருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே பொம்மையைத் தனி அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம், தேய்த்துப் பார்த்ததில் கற்பூர வாசம் நன்றாகவே வந்தது. கார்களில் நான்கில் டிங்கி என்று இருக்கிறது, உப்பிய காரின் அடியில் எழுத்தே விரிசலில் போய்விட்டது, சக்கர நடுவட்டம் வழவழப்புதான். ஒன்றில் நிக்கி என்று தெளிவாக இருக்கிறது! வாப்பாவிடம் கேட்டால், அது சின்னாப்பா பிறகு வாங்கியது, கொழும்புக் காருக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று சேர்த்து வைத்தேன் என்கிறார்.

ஓடாவி மகள் சகோதரிக்கு: வத்தையில் வங்கு இருக்கிறது, ஒன்பது. பலகை ஒன்று பெட்டகத்தின் அடியில் துணிக்குக் கீழே கிடந்தது, அதில் கயிறு தேய்த்த தடமும் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரியவில்லை.

ஓடாவி மகள்:

கயிறு தேய்ந்த பக்கம் மேலே. ஆனால் நீங்களாகக் கட்டிவிட வேண்டாம், அத்தாவிடம் படம் காட்டுகிறேன். முடிந்தால் அவரையே ஒரு நாள் கூட்டி வருகிறேன். அணியத்திலிருந்து (முன்முனை) சுக்கான் வரை, பருமல் (பாய் கட்டும் கழி), தாமான் (பாய்க்கயிறு) என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாப்பாவும் பக்கத்தில் இருந்தால் செய்தவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வார். அதைப் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள்.

சேமிப்பறை:

பதிவேடு என்றதும் ஒன்று. எண்ணைப் பொருளின் மேல் ஸ்டிக்கராகவோ செல்லோ டேப்பிலோ ஒட்டாதீர்கள், பசை அச்சை உரித்துக்கொண்டு வரும். தடித்த தாளில் பென்சிலால் எழுதி வெள்ளைப் பருத்தி நூலில் கட்டினால் போதும். சின்னாப்பா நிக்கி கார் வாங்கிய கதையை அந்த எண்ணுக்கு நேரே இன்றைக்கே எழுதுங்கள். வாடைக்காற்று தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும் முன் அலமாரி இடைவெளிகளை அடைத்து ஜெல்லை வைத்துவிடுங்கள், அந்த மூன்று மாதமும் தட்டை வாரம் ஒருமுறை பார்க்க ஒரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போடச் சொல்லுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியையும் சாவித் துளையையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஹார்ன்பியா வேறு யாருமா என்று பார்த்துவிடலாம்.